பதினோராங் கூண்டு: தீவு வாழ்நரின் இடர்க்காப்பு வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

ஐப்பசி முதல் மார்கழி வரையிலான திங்கள்களில் நாளிதழ் காண்போர்க்குப் பழகிப்போன செய்தி ஒன்று உண்டு. நாகையில் இத்தனையாம் எண் கூண்டு, கடலூரில் இத்தனையாம் எண் கூண்டு, பாம்பனில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்பதே அது. எண் மிகுந்தால் இடர் மிகும் என்ற அளவில் அமைந்து, அதற்குமேல் ஆராயாது அடுத்த பக்கம் புரட்டுவோரே பலர். கூண்டு எனப்படுவது துறைமுகக் கம்பத்தில் பகற்பொழுதில் ஏற்றப்படும் அடையாளமாம். உருளை வடிவும் கூம்பு வடிவும் உடையது, கருநிறத்தது. இரவில் அதன் இடத்தைச் செவ்விளக்கும் வெள்விளக்கும் பெறும். கடலில் நிற்கும் மாலுமியின் கண்ணுக்கு எட்டுதற்பொருட்டு அமைந்த இவ்வடையாளத்தைக் கரையில் நின்று கண்ட தமிழ் மக்கள், தாம் அறிந்த கூண்டின் பெயரை அதற்கு இட்டனர் போலும். துறைமுக அலுவலர் வழங்கிய பெயர் ஏட்டளவில் நிற்க, மக்கள் இட்ட பெயரே நிலைபெற்றது.

இக்கூண்டுகளின் வரலாறு சிறிது கூறுதல் வேண்டும். 1864ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கல்கத்தாவையும், அடுத்து நவம்பர்த் தொடக்கத்தில் மசூலிப்பட்டினத்தையும் இரு பெரும் புயல்கள் அழித்தன. அதன் பயனாகக் கல்கத்தாத் துறைமுகத்தில் 1865ஆம் ஆண்டு எச்சரிக்கை முறை தோன்றிற்று. இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே வகையான குறிகள் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்தன. இன்று வழங்கும் முறையில் எண்கள் பதினொன்று. முதலிரண்டும் தொலைகடலில் உள்ள நிலையைக் கூறுவன. மூன்றும் நான்கும் துறைமுகத்தை நோக்கி எழும் எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை இடர். எட்டு முதல் பத்து வரை பேரிடர். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள வேற்றுமை புயலின் வலிமை பற்றியதன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது. புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறத்தே விட்டுச் செல்லுமாயின் ஐந்து. வலப்புறத்தே விட்டுச் செல்லுமாயின் ஆறு. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமாயின் ஏழு. எட்டும் ஒன்பதும் பத்தும் இவ்வாறே கடும்புயலுக்கு உரியன.

பதினோராம் எண்ணோ முற்றிலும் வேறொரு வகையைச் சார்ந்தது. முன்னைய பத்தும் புயல் எங்குள்ளது, எவ்வழிச் செல்லும் என்று கூற, இப்பதினொன்று, வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று என்று கூறுகின்றது. தொடர்பு அற்ற நிலையில், பெருங்கேடு வரவிருக்கின்றது என உள்ளூர் அலுவலர் தாமே முடிவு செய்து இதனை ஏற்றுதல் வேண்டும். பத்துக் கூண்டுகளைத் தலைமை நிலையத்தின் சொல் ஏற்றுகின்றது. பதினோராவதை அச்சொல் வாராமை ஏற்றுகின்றது. சிறு கலங்கள் வந்துசெல்லும் துறைமுகங்களுக்கு மூன்று, நான்கு, ஏழு, பத்து, பதினொன்று என ஐந்தே குறிகள் கொண்ட சுருக்கமுறை உண்டு. பலவற்றை நீக்கிச் சுருக்கியபோதும் பதினொன்றை நீக்கவில்லை. இம்முறையை வகுத்தோர் சிறு துறைகளின் இயல்பை நன்கு அறிந்தவர் என்பது இதனாற் போதரும்.

தீவுகளில் வாழ்வோர் கடலிடரைக் கண்ட வரலாறு பெரும்பாலும் இப்பதினோராங் கூண்டின் வரலாறே என்பது எம் கருத்து. தலைநகரம் தீவுக்குச் சொல்லும். தீவு கேட்டு நடக்கும் என்ற எண்ணத்தின்மீதே எச்சரிக்கை முறைகள் எழுந்தன. இடர் மிகும் பொழுதில் முதலில் அறுவது அச்சொல் செல்லும் வழியே. அவ்வாறு அறுந்தபொழுது நிகழ்ந்தவற்றுள் எமக்கு அணித்தான இரண்டை, 1964ஆம் ஆண்டுப் புயலையும் 2004ஆம் ஆண்டுக் கடல்கோளையும், ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இரண்டும் மார்கழித் திங்களில் நிகழ்ந்தவை. இரண்டிலும் ஒரு முனையில் தீவும் மறுமுனையில் சென்னை நகரும் நிற்கின்றன.

சென்னையின் முனை நுங்கம்பாக்கம். தியாகராய நகருக்கு வடக்கே, கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை மையத்தின் வளாகம், 1792ஆம் ஆண்டு அமைந்த சென்னை வானாய்வுக் கூடத்தின் வழிவந்தது. அக்கூடத்தின் கருங்கல் தூண் ஒன்று அவ்வளாகத்தில் இன்றும் நிற்கின்றது. பின்வரும் தலைமுறையினர் அறிதற்பொருட்டு அதில் பல மொழிகளில் எழுத்துப் பொறித்துள்ளனர்; தமிழும் அவற்றுள் ஒன்று. வானநூற் கூடம் ஒன்றின் கல்வெட்டில் தமிழ் இடம்பெற்றமை தமிழ்த் துறையார் பலர் அறியாத செய்தி. எம் மாணவரை ஆண்டுதோறும் கல்வெட்டுப் பயிற்சிக்காகக் காஞ்சிக்கு அழைத்துச் செல்லும் யாம், நகர்ப் பேருந்தில் செல்லும் தொலைவிலுள்ள இத்தூணைப் பல ஆண்டுகள் அறியாதிருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். வங்கக் கடலில் எழும் புயல்களைப் பற்றித் தமிழ்நாட்டுக் கரைக்குச் சொல் புறப்படும் இடம் இதுவே.

மறுமுனை தனுஷ்கோடி. இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு முனையில், ஒருபால் பாக்கு நீரிணையும் மற்றொருபால் மன்னார் வளைகுடாவும் நெருங்க, இடையே கிடந்த மணற்றிட்டில் அமைந்த ஊர். பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்ட பின்னர், சென்னை எழும்பூரில் புறப்பட்ட 'போட் மெயில்' இத்துறை வரை வந்தது. இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் சென்று, மீண்டும் புகைவண்டியில் கொழும்பு சேர்வர். புகைவண்டி நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளி, கோயில், மாதா கோயில் எல்லாம் ஆங்கு இருந்தன. இத்தகைய ஊரைத் தொலைதீவு என்று கூறுதல் தகுமோ என்று சிலர் வினவலாம். கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே நாள்தோறும் மக்கள் கடந்துசென்ற ஊர் அது. ஆயின் தீவினைப் பெருநிலத்தோடு பிணைத்தது ஒரே பாலம்; ஊரினைத் தீவின் பிற பகுதியோடு பிணைத்தது மணல்மீது சென்ற ஒரே இருப்புப்பாதை. பாம்பனில் சாலைப்பாலம் 1988ஆம் ஆண்டில்தான் வந்தது. ஒரே வழியை நம்பி நிற்கும் ஊர், அவ்வழி இருக்குமட்டும் நகரம் போலத் தோன்றும்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில், நிலநடுக்கோட்டுக்கு மிக அணித்தாக, ஏறத்தாழ 5 பாகை வட அகலக்கோட்டில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று தோன்றிற்று. இத்துணைத் தெற்கே புயல் கருக்கொள்ளுதல் அரிது. 19ஆம் நாள் அது கடும்புயலாயிற்று. 21ஆம் நாளுக்குப் பின்னர் ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கு நோக்கி நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வரை விரைந்தது. 22ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கிற்று. அப்பகுதியில் கடல் ஆழம் குறைந்தது. ஆழமற்ற கடலின்மீது கடுங்காற்று வீசும்போது நீர் கீழே திரும்பிச் செல்ல இடமின்றிக் கரைமேற் குவியும். இருபது அடிக்கு மேல் எழுந்த நீர் அம்மணற்றிட்டின்மீது ஏறிச் சென்றது என்பர். கடலில் புயல் உண்டு என்பது அந்நாளில் அறியப்படாததன்று. அஃது எந்த இரவில், எந்த முனையில், எவ்வளவு வலியோடு கரையேறும் என்று பார்த்துக்கொண்டேயிருந்து சொல்லவல்ல கருவிதான் இல்லை. புயலைக் கண்டறியும் ராடார் இந்தியாவில் முதன்முதலாக விசாகப்பட்டினத்தில் அமைந்ததே 1970ஆம் ஆண்டில்தான்.

அன்றிரவு 11.55 மணிக்கு 653ஆம் எண் பயணிகள் வண்டி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. பயணிகள் 110 பேரும் ஊழியர் 5 பேரும் அதில் இருந்தனர் என்பது கணக்கு; சீட்டின்றிச் சென்றோரைச் சேர்த்தால் எண் மிகும் என்பாரும் உளர். தனுஷ்கோடி நிலையத்தை அடையச் சில நூறு மீட்டரே எஞ்சியிருந்த இடத்தில் வண்டி முழுதும் கடலிற் சென்றது. எவரும் பிழைக்கவில்லை. கைகாட்டி விளக்கு எரியாமையால் ஓட்டுநர் வண்டியை நிறுத்திச் சிறிது காத்திருந்து, நெடிதாக ஊதிவிட்டு, இருளில் துணிந்து செலுத்தினார் என்று பல நூல்களும் கட்டுரைகளும் எழுதிச் செல்கின்றன. வண்டியில் இருந்தோர் அனைவரும் மாண்டனர் என்று கூறும் அதே நூல், ஓட்டுநர் என் செய்தார் என்பதை யார் வாய்க்கேட்டது? நிலையத்திலிருந்து ஊதொலி கேட்டோர் எவரேனும் பிழைத்துக் கூறியிருத்தல் கூடும். அன்றிப் பின்னாளில் இரங்கிய உள்ளங்கள் புனைந்த காட்சியாகவும் இருத்தல் கூடும். ஒரு செய்தி பலமுறை எழுதப்படுதலால் மட்டும் சான்றாகிவிடாது என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

ஆயினும் இவ்விடத்தில் உறுதியான செய்தி ஒன்று உண்டு. எம் ஆராய்ச்சிக்கு அதுவே பெரிது. இவ்வண்டியின் அழிவு வெளியுலகுக்குத் தெரிய ஏறத்தாழ 48 மணி நேரம் ஆயிற்று. மண்டபத்திலிருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் தந்த செய்தியைக் கொண்டே இரயில்வேத் தலைமையகம் அறிக்கை வெளியிட்டது. ஒரு வண்டி நிறைந்த மக்கள் இரண்டு நாளாக எங்குள்ளனர் என்பதையே தலைநகரம் அறியவில்லை. இப்புயலில் மாண்டோர் தொகை ஏறத்தாழ 1,800 என்பது பெருவழக்கு. இராமேசுவரத்தில் மட்டும், நூற்றுக்கணக்கானோர் இராமநாதசுவாமி கோயிலுள் அடைக்கலம் புகுந்தனர். கடல்நீர் கோயிலுக்கு மிக அணித்தே வந்து நின்றது என்பர். அதனை இறைவன் அருள் என்பாரோடு எமக்கு வழக்கில்லை. கருங்கல்லால் எழுந்த உறுதியான கட்டடம் எது, அங்கு எவ்வழிச் செல்வது என்பதை எவரும் சொல்லாமலே அவ்வூர் மக்கள் அறிந்திருந்தனர் என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றோம். தனுஷ்கோடியாரும் அறிந்திருக்கலாம், அவர்க்கு அங்ஙனம் ஓடிச்சேர மேட்டுநிலமும் இல்லை, கற்கோயிலும் அணித்தில்லை. அரசு அவ்வூரைக் குடியிருத்தற்குத் தகாத இடம் என அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் சில, அறிவிப்பு அவ்வாறிருக்க, மீண்டும் அம்மணலுக்கே வந்து குடிசை இட்டன.

பாம்பன் பாலத்தின் 145 தூலங்களுள் 126 கடலில் வீழ்ந்தன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் நிலைத்தது. சீரமைக்க ஆறு திங்கள் ஆகும் என மதிப்பிடப்பட்ட பணியை, பின்னாளில் டில்லி மெட்ரோவால் பெயர்பெற்ற ஈ. ஸ்ரீதரன் என்னும் பொறியாளர் 46 நாளில் முடித்தார். இது பலரும் புகழ்ந்து எழுதிய செய்தி. அவ்வளவு புகழப்பெறாத செய்தி, கடலடியில் தூலங்கள் கிடந்த இடத்தை அறிந்து கூறியவர் மீனவர் என்பது. வேறிடங்களிலிருந்து புதியன வரும் வரை காத்திராமல், அவற்றையே மேலெடுத்துப் பயன்படுத்த முடிந்தமையாலன்றோ அப்பணி அத்துணை விரைந்தது.

இனி, நாற்பது ஆண்டு கழித்து நிகழ்ந்ததைக் காண்போம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை 6.29 மணி அளவில் சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. நிக்கோபார்த் தீவுகளைக் கடல்கோள் ஒரு மணி நேரத்துக்குள் அடைந்தது. கார் நிக்கோபார் தட்டையான பவளத் தீவு; அதன் கரையோரத்தில் விமானப்படைத் தளம் ஒன்று இருந்தது. அந்நாளைய விமானப்படைத் தலைமைத் தளபதி பின்னர்ச் செய்தியாளர்க்குக் கூறியதை யாம் அப்படியே ஏற்றுக்கொள்கின்றோம். காலை 7.30 மணிக்குச் சென்னையிலுள்ள படைப்பிரிவு நிலநடுக்கம் பற்றி அவர்க்கு அறிவித்தது. தொடர்புகள் அறுந்திருந்தன. 7.50 மணிக்குக் கார் நிக்கோபாரிலிருந்து இறுதிச் செய்தி ஒன்று வந்தது; தீவு மூழ்குகின்றது, எங்கும் நீராக உள்ளது என்பதே அதன் பொருள். அதன்பின் அத்தீவு பேசவில்லை.

இது பதினோராங் கூண்டின் செய்தி அல்லவா? வானிலைக் கூண்டு முறையில் கடல்கோளுக்கென்று ஒரு குறியும் இல்லை; அந்நாளில் இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய எச்சரிக்கை நிலையமும் இல்லை. ஆயினும் தொடர்பறுதலே ஒரு செய்தி என்று 1898ஆம் ஆண்டுவழி முறை கற்பித்திருந்தது. 1964இல் சென்னை சொல்லத் தீவு கேட்டிருக்க வேண்டும். 2004இல் தீவு சொல்லிற்று. சென்னை கேட்கவேண்டிய இடத்தில் இருந்தது. சென்னைக் கரையைக் கடல்கோள் அடைந்தபோது மணி ஏறத்தாழ ஒன்பது. இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுது இருந்தது.

அன்று ஞாயிறு; நிறைமதி நாள். மயிலை மாட வீதிகளில் பாவைப் பாட்டு முழங்கி ஓய்ந்திருந்தது. மெரினா மணலில் இளைஞர் பந்தாடிக்கொண்டிருந்தனர். அடையாற்று முகத்துவாரத்தில் சீனிவாசபுரத்துப் பெண்டிர் காலை மீன் வருகையை எதிர்நோக்கியிருந்தனர். பட்டினப்பாக்கத்திலிருந்து மாட வீதிக்கு நடந்தே அரைமணியில் வரலாம். அதுகாலை மயிலையில் தங்கியிருந்த யாம் கடல்கோளை அறிந்தது வானொலியால் அன்று. நனைந்த ஆடையுடன் கச்சேரிச் சாலை வழியே ஓடிவந்தோர் வாயிலாகவே. அவர்கள் கடல் வந்துவிட்டது என்றனர். அதற்கு வேறு பெயர் எவர்க்கும் தெரியவில்லை. சென்னையில் இருநூறுக்கு மேற்பட்டோரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரும் அன்று மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். அரசு அலுவலகங்களுக்கிடையே சென்ற செய்திகளுள் ஒன்று, பதவியிலிருந்து நீங்கிய முன்னை அமைச்சரின் இல்லத்துக்குத் தொலைநகலாகச் சென்றது எனவும் அந்நாளைய இதழ்கள் எழுதின. அந்தச் சிறு தவற்றைப் பெரிதாக்கி நகைத்தோர் பலர். உரிய அமைச்சரின் கைக்கே அத்தாள் சென்றிருப்பினும், அங்கிருந்து சீனிவாசபுரத்துக் குடிசைக்கு அச்சொல்லைக் கொண்டுசெல்ல வழி ஒன்றும் அமைந்திருக்கவில்லை என்பதே பெருங்குறை. மயிலைக் கடற்கரை அன்று காலை கார் நிக்கோபாரினும் தொலைவான தீவாக இருந்தது.

அதே காலையில், எவர் சொல்லும் வாராதே பிழைத்த தீவுகளும் உண்டு. சிறிய அந்தமானில் வாழும் ஒங்கே குடியினர், கடல் நீங்கியதைக் கண்டு உள்நாட்டு மேட்டுக்குச் சென்று உயிர் காத்தனர். ஆனால் நிக்கோபார் மக்கள் பேரிழப்பு எய்தினர். தட்டைத் தீவுகளில் கடலை ஒட்டிக் குடியிருந்தோர் அவர். ஆதலின் பழங்குடி அறிவு எங்கும் காக்கும் என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. எமக்கு மிகுதியும் வியப்பளிப்பது சுமத்திராவுக்கு மேற்கேயுள்ள சிமலூ என்னும் தீவு. நிலநடுக்கத்தின் பிறப்பிடத்துக்கு மிக அணித்தான ஊர். அலை சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ 78,000. மாண்டோர் எழுவரே. 1907ஆம் ஆண்டில் அத்தீவு ஒரு கடல்கோளால் பெரிதும் அழிந்தது. அழிவிற் பிழைத்தோர் 'சுமோங்' என்னும் சொல்லைத் தம் மக்களுக்கு விட்டுச்சென்றனர். நிலம் கடுமையாக நடுங்கிக் கடல் நீங்கினால் மலைக்கு ஓடுக என்னும் கட்டளை முழுதும் அவ்வொரு சொல்லில் அடங்கும். தாலாட்டிலும் கதையிலும் கலந்து அச்சொல் ஏறத்தாழ நூறு ஆண்டு உயிரோடிருந்தது. 2004இல் அச்சொல் வாய்க்கு வாய் பரவ, மக்கள் மேடேறினர்.

இவ்விடத்தில் தமிழாசிரியராகிய எமக்கு ஒரு நாணம் தோன்றுகின்றது. கடல் நிலத்தைக் கொள்ளும் செய்தியைத் தமிழ் அறியாததன்று. சிலப்பதிகாரம் பாண்டி நாட்டின் தென்பகுதியைக் கடல் கொண்டமையைக் கூறும். இறையனார் களவியல் உரை, சங்கம் இருந்த பழம்பதிகள் கடல்வாய்ப்பட்டமையைக் கூறும். மணிமேகலை, இந்திரவிழா மறந்தமையால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று காரணமும் காட்டும். மயிலையிலேயே பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தே இருந்தது என்ற வழக்கு உண்டு. அதன் அழிவு கடலாலோ போர்ச்சுக்கீசியராலோ என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். கடல்கோள் என்ற சொல்லைக் கல்லாத தமிழ் மாணவர் இலர். குமரி நிலத்தின் பரப்பு எவ்வளவு என்ற ஆராய்ச்சிக்குள் யாம் ஈண்டுப் புகவில்லை. அதில் முன்னரே வேண்டிய அளவு மை செலவழிந்துள்ளது. எம் வினா ஒன்றே. இத்துணைப் பழமையும் பெருமையும் வாய்ந்த சொல், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, நீங்கிய கடலின் தரையில் துள்ளும் மீனைப் பொறுக்கச் சென்ற சிறுவனுக்கு ஏன் பயன்படவில்லை?

விடை சொல்லின் இயல்பில் உள்ளது எனக் கருதுகின்றோம். சுமோங் என்பது இனிச் செய்ய வேண்டியதைக் கூறும் சொல். கடல்கோள் என்பது முன்னர் நிகழ்ந்ததைக் கூறும் சொல். நம் நூல்கள் அழிவைப் பாடின. அழிவுக்கு அறக்காரணம் கற்பித்தன. கடல் எவ்வாறு வந்தது, வருமுன் என்ன குறி காட்டிற்று, மக்கள் எவ்வழி ஓடினர் என்று கூறவில்லை. காப்பியத்தின் நோக்கம் அதுவன்று என்று மறுப்பர், அது மெய்யே. ஆயின் காப்பியத்துக்குப் புறத்தே, நெய்தல் நிலத்து மக்கள் வாயில் அச்செய்தி வாழ்ந்திருத்தல் வேண்டும். நூற்றாண்டுகள் பல கடலமைதி நிலவியமையால் அது மறைந்திருக்கலாம். சிமலூத் தீவினர்க்கு இடைப்பட்டது ஒரு நூற்றாண்டே. புகார் அழிவு நினைவில் நிற்கத் தமிழர்க்கு அதனினும் மிக நீண்ட காலம் கடந்திருந்தது.

எனினும் அன்று தமிழில் ஒரு சொல் உரிய பொழுதில் சென்று சேர்ந்த ஊரும் ஒன்றுண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ ஊரில், சென்னைத் தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே ஓர் அறிவு மையம் அமைத்திருந்தது. கடலின் அலையுயரம் முதலியவற்றை நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவித்தல் அதன் பணிகளுள் ஒன்று. அன்று காலை சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் வருகின்றது என்று வீட்டார் கூற, அனைவரையும் ஓடச் சொல்லுமாறு கூறினார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து உட்புகுந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். அவ்வூரில் உயிரிழப்பு இல்லை. இங்கே நாம் காணவேண்டுவன இரண்டு. அவ்வொலிபெருக்கி கடல்கோளை எதிர்நோக்கி வைக்கப்பட்டதன்று. அன்றாடச் செய்திக்காக வைக்கப்பட்டது. பழக்கமான குரல் வந்த குழாயிலிருந்து வந்தமையாலேயே மக்கள் அதை ஐயுறாது ஓடினர். மற்றொன்று, கதவை உடைத்தவர் எவரது ஆணையையும் எதிர்நோக்கவில்லை.

பின்னர் அமைந்தவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் கடல்கோள் எச்சரிக்கை மையம் பணி தொடங்கிற்று. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தபொழுது, மெரினாவிலிருந்து மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர், அலை வரவில்லை, சொல் வந்தது. ஆயின் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி முனையருகே விரைந்து வலுப்பெற்றபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர்க்கு எச்சரிக்கையைச் சேர்க்க வழியில்லை. அவர்தம் படகுகள் கரையின் ஒலிக்கருவி எட்டாத தொலைவில் ஒவ்வொன்றும் ஒரு தீவாய் நின்றன. செயற்கைக்கோள் வழியே கடலில் செய்தி பெறும் கருவிகள் அதன் பின்னரே படகுகளுக்குப் பரவின.

நகரத்தார் இவையெல்லாம் கடலோடிகளுக்குரியன என்று எண்ணியிருந்த வேளையில், 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு பெருகிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. கோட்டூர்புரத்திலும் ஆற்றங்கரைத் தெருக்கள் பலவற்றிலும் மின்சாரம் போயிற்று, கைப்பேசி ஓய்ந்தது, மாடியில் நின்றோர் தம் ஊரின் நிலையை ஒரு கல் தொலைவில் இருந்தோர்க்கும் சொல்ல இயலவில்லை. அந்நாளில் படகோடு வந்து அவர்களை இறக்கியோருள், பதினோர் ஆண்டுக்கு முன் எவரும் எச்சரிக்காது விட்ட கடற்கரைக் குப்பங்களின் மீனவரும் இருந்தனர்.

இக்கட்டுரைக்கெனச் சில மாலைப்பொழுதுகளை அடையாற்றுக்குத் தெற்கேயுள்ள ஊரூர்க் குப்பத்தில் கழித்தோம். மீனவ முதியோர் ஒருவர் வலையைச் செப்பனிட்டவாறே எம் வினாக்களுக்கு விடை கூறினார். காற்றின் பெயர்களைக் கேட்டோம். வாடை, கொண்டல், கச்சான் எனத் தொடங்கி, ஒவ்வொன்றும் எத்திசையினின்று எப்பருவத்தில் வரும், வந்தால் எம்மீன் படும், எப்பொழுது கட்டுமரத்தைக் கரையேற்ற வேண்டும் என்று கூறிக்கொண்டே போனார். நீவாடு எனப்படும் நீரோட்டத்தின் வகைகளையும் கூறினார். இவற்றுள் சில எம் கையிலிருந்த அகராதியில் இருந்தன, சில இல்லை. இறுதியாக, கடல் உள்வாங்கிப் பின் மீண்டு ஊருக்குள் வருதற்கு உங்கள் பாட்டன்மார் சொன்ன சொல் யாது என்று வினவினோம். அவர் வலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிறிது நினைத்தார். "பாட்டன் சொல்லி நான் கேட்டதில்லீங்க. இப்ப எம் பேரப்பிள்ளைங்க சொல்லுது" என்றார்.

அன்று எம் ஏட்டில் காற்றின் பெயர்கள் ஒரு பக்கத்தை நிரப்பின. நீரோட்டத்தின் பெயர்கள் அரைப்பக்கம். கடல் மீளுதற்கு எழுதிக்கொண்ட சொல் ஒன்றே: சுனாமி.